"வித்துட்டன்" என்று நான் சொன்ன ட்ரோன்



வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் பறந்தது என்ன, எங்கே வாங்கினது, எவ்வளவு முடிந்தது என்று இன்பொக்ஸில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அது வாங்கினதல்ல, கட்டினது. அதுவும் இரண்டாவது. முதலாவதுக்கு என்ன நடந்தது என்று ஐந்து வருடமாக நான் யாரிடமும் உண்மை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2018 ஆம் ஆண்டு ஆரம்பம். தரம் 10 விஞ்ஞான பாடம். தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிருமானவை என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புகிறேன். கடைசி வாங்கில் இருந்து ஒரு பெடியன் எழும்பினான். பரீட்சையில் நாற்பதைத் தாண்டாத பெடியன். வாப்பா ரேடியோ, டிவி திருத்துகிறவர்.

"சேர், ஹெலிகொப்டருக்கு வால்ல சின்னக் காத்தாடி ஒண்டு இரிக்கி. ட்ரோனுக்கு ஏன் இல்ல?"

எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றன் மகன்" என்றேன். ஆசிரியர்மாருக்குத் தெரியும், இந்த "நாளைக்கு" பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதினாறு வருடமாக அதே விதியை அதே கரும்பலகையில் எழுதுகிறேன். ஒருவன் உண்மையாகவே ஒன்று கேட்டதும் வாய் அடைத்துப்போய் நின்றேன்.

அந்தக் கேள்விதான் என்னை ட்ரோனில் கொண்டுபோய் விட்டது. நாலு கை உள்ள எஃப்-450 சட்டம், நாலு மோட்டார், ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் நாலு ஈ.எஸ்.சி., 10 அங்குல இறக்கைகள், நடுவில் கேகே-2 என்ற கட்டுப்பாட்டுப் பலகை, 11.1 வோல்ட் லிப்போ பற்றரி ஒன்று, றிமோட் ஒன்று. கமரா இல்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலு மாதமாகத் துண்டு துண்டாகச் சேர்த்தேன்.

முதல் முறை வீட்டு முற்றத்தில் வைத்து வேகத்தைக் கூட்டினேன். ஒரு சாண்கூட எழும்பவில்லை. அப்படியே தலைகீழாகப் புரண்டு இரண்டு இறக்கையை உடைத்துக்கொண்டது. அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அந்தப் பெடியனைக் கூப்பிட்டேன். அவன் ஐந்து நிமிடம் குந்திக்கொண்டு பார்த்தான். "சேர், இந்த மோட்டர் மத்தப் பக்கம் சுத்தோணுமே" என்றான்.

அவன் கேள்விக்கான விடை அங்கேதான் இருந்தது. ஹெலிகொப்டரின் பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது அதன் மறுதாக்கம் உடம்பை எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் வாலில் உள்ள சின்ன விசிறி. ட்ரோனில் நாலில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே திசையில் சுற்றும். இரண்டு சோடியின் மறுதாக்கமும் ஒன்றை ஒன்று வெட்டிவிடும், அதனால் வால் தேவையில்லை. முகத்தைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு சோடியைக் கொஞ்சம் கூட்டி மற்றதைக் குறைத்தால் போதும். நான் ஒரு மோட்டாரைப் பிழையான திசையில் சுற்றவிட்டிருக்கிறேன். அதற்கு மாட்டின இறக்கை காற்றைக் கீழே தள்ளாமல் மேலே தள்ளியிருக்கிறது. அந்த மூலை அமுங்கி, மற்ற மூன்றும் தூக்கிப் புரட்டிவிட்டன. மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றி இணைத்தால் திசை மாறிவிடும். மாற்றினோம். எழும்பியது.

நான் பற்றவைத்த ஈயம் ஒரு நாள் பறக்கும்போதே விட்டுப்போய், ஒரு மோட்டார் நின்று, சாமான் கல் மாதிரி விழுந்தது. தடித்த வயருக்குச் சூடு நன்றாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் மேலே ஒட்டினது போல இருக்கும், உள்ளே பிடிக்காது. இதையும் அவன்தான் சொன்னான். தன் வாப்பாவின் சோல்டரிங் அயனைக் கொண்டுவந்து எல்லா இணைப்பையும் திரும்பச் செய்தான். பாடம் நடத்தினது நான்தான். படித்ததும் நான்தான்.

சிறுபோக அறுவடை முடிந்த வட்டையில் பழகினோம். கச்சான் காற்று எழும்பும் முன், சுபஹ் தொழுதுவிட்டு நேரே போவோம். நிலத்தோடு ஒட்டிப் பறந்தால் இறக்கைக் காற்று நிலத்தில் பட்டுத் திரும்பி வந்து ஆட்டும், அதனால் தயங்காமல் ஒரு மீற்றர் உயரத்துக்கு எடுத்துவிட வேண்டும். அது தானாக நிற்கிற ட்ரோன் அல்ல. காற்று தள்ளினால் தள்ளின பக்கம் போகும், விரல் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முகம் நம் பக்கம் திரும்பினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அதைப் பழக எனக்கு ஒரு மாதமும் ஒன்பது இறக்கையும் போனது. அவனுக்கு மூன்று நாள்.

அந்த நாட்களில் ஊரில் ஒரு கதை உலாவியது, மாஸ்டர் மேலே இருந்து வளவுகளைப் பார்க்கிறாராம் என்று. பெண்கள் முற்றத்தில் புழங்குகிற ஊர் நமது. அந்தப் பயம் நியாயமானது. கமரா இல்லை என்று கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். பள்ளிவாசலில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது என் பிழை.

பிறகு 2019 ஏப்ரல் 21. அந்த ஞாயிறைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. 25 ஆம் திகதி ட்ரோன் பறக்கவிடத் தடை என்று அறிவித்தார்கள். அடுத்த நாள் இரவு சாய்ந்தமருதுச் சம்பவம். வீடு வீடாகச் சோதனை வரும் என்ற நிலை. ஊரில் ஆளுக்கொரு பயம். அரபுக் கிதாபுகளை, பழைய சீடிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்த வீடுகளை நீங்களும் அறிவீர்கள்.

என் வீட்டு அலுமாரியின் மேல் நாலு கையுடன் ஒரு சாமான். வயர்கள், றிமோட். அதோடு ஊரில் ஏற்கெனவே உலாவின அந்தக் கதை. "இஞ்ச, இத என்ன செய்யப் போறீங்க?" என்று மனைவி கேட்டா. அன்று இஷாவுக்குப் பிறகு பின்வளவில் பொச்சுமட்டையைக் கொளுத்தி, சட்டத்தையும் இறக்கைகளையும் றிமோட்டையும் அதில் போட்டேன். பற்றரியை உப்புத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தினேன். மோட்டார் நாலும் எரியாது. அவற்றை உம்மாவின் பழைய பால்மா டின்னில் ஆணிகளுக்கு அடியில் வைத்தேன்.

சோதனைக்கு வந்தவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். டின்னை யாரும் திறக்கவில்லை.

பாடசாலை திரும்பத் தொடங்கினதும் அவன் வந்து கேட்டான், "சேர், நம்மட ட்ரோன்?" "நம்மட" என்று சொன்னான்.

"வித்துட்டன்" என்றேன். அது உண்மை போல இருக்க வேண்டுமே என்று பத்தாயிரம் ரூபாயை எடுத்து, "இது உன்ட பங்கு" என்று கொடுத்தேன். அறிவுக்காகச் செய்த ஒன்றை, குற்றம் போல எரித்தேன். அதற்கு மேல் ஒரு பிள்ளையிடம் பொய்யும் சொன்னேன். பயந்ததற்கு நான் வெட்கப்படவில்லை, எல்லோரும்தான் பயந்தோம். அந்தப் பொய்தான் வருடக்கணக்காகக் குத்திக்கொண்டிருந்தது.

பிறகு கொரோனா. அதற்குப் பிறகு 2022, டொலர் 200 இல் இருந்து 360 வரை போன வருடம். ட்ரோனை நினைக்கவே நேரமில்லை. போன வருடம் வீடு துப்புரவு செய்யும்போது அந்த டின் கையில் அகப்பட்டது. இரண்டு மோட்டார் உப்புக் காற்றில் இறுகிப்போய் இருந்தன.

அந்தப் பெடியன் இப்போது கைப்பேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். டின்னைக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவன் ஒரு மோட்டாரை எடுத்து விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"தெரியும் சேர். அண்டைக்கு ராவு பிளாஸ்டிக் எரிஞ்ச மணம் எங்கட ஊடு வரைக்கும் வந்த. வாப்பாவும் அண்டைக்குத்தான் அயன், வயர் எல்லாத்தையும் மண்ணுக்குள்ள புதைச்ச."

"அப்ப அந்தக் காச ஏன்டா வாங்கின?"

"புதுசா அயன் ஒண்டு வாங்கத்தான் சேர்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியாது. அவன் பெயாரிங் மாற்றினான். மிச்சச் சாமான் பழைய விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், இருவரும் பாதிப் பாதி போட்டோம். ஈயம் முழுக்க அவன் வேலை.

இந்த முறை ஒளிவு மறைவு ஏதுமில்லை. பதிவு, அனுமதி எடுத்தோம். அதிபருக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே சொன்னோம். வெள்ளிக்கிழமை பறக்கவிடும் முன் நாலு கையையும் பிள்ளைகளுக்குக் காட்டி, கமரா இல்லை என்பதை அவர்களையே தேடிப் பார்க்க விட்டேன். தரம் 8 பிள்ளை ஒன்று கேட்டது, "சேர், ஒரு காத்தாடி நிண்டா என்னாகும்?"

"விழும். ஏன் விழும் எண்டத அந்த நானாக்கிட்டக் கேளு" என்று அவனைக் காட்டினேன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த வெள்ளியும் அஸருக்குப் பிறகு மைதானத்தில் இருப்போம். பிள்ளைகளை அனுப்புங்கள். கட்டின கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள், சுற்றும் இறக்கை விரலை வெட்டும். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்கள் மோட்டாரைச் சோதிக்கும்போது இறக்கையைக் கழற்றிவிடுங்கள். பறக்கவிடும் முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் விதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பிழை இருந்தால் மன்னியுங்கள். துஆச் செய்யுங்கள்.