வீட்டில் யார் யார்?

அரசு வழக்கறிஞர் என்றதும் சென்னை உயர்நீதிமன்ற வராந்தாவில் ஜூனியர்கள் புடைசூழ நடக்கிற பெரியவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். கம்பத்துக்காரர்களுக்கு அவர் உத்தமபாளையம் கோர்ட்டில் இருக்கும் ஏபிபி, அதாவது உதவி அரசு வழக்கறிஞர். அடிதடி, வாய்க்கால் தகராறு, ரோட்டு விபத்து, தோட்டத் திருட்டு என்று இந்தப் பள்ளத்தாக்கில் நடப்பதெல்லாம் நாடா கட்டிய கேஸ் கட்டாக அவர் மேஜைக்கு வந்து சேரும். அப்படியொரு மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான்.

காலை பத்து மணிக்கு முன்பே கோர்ட் ஏட்டு சி.டி. ஃபைலோடு (வழக்கு நாட்குறிப்பு) வந்து நிற்பார். சாட்சிகளில் பாதிப் பேர் ஏலத் தோட்டத்து ஆட்கள். விடிகாலையில் கம்பம் மெட்டு ஏறுகிற ஜீப்பை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அன்றைக்குக் கூலி கிடையாது. இன்னொரு வாய்தா விழுந்தால் இன்னொரு நாள் கூலியும் போச்சு. அவர்களை முதலில் விசாரித்து அனுப்பிவிட வேண்டுமென்று பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லிவைப்பதே அன்றைய முதல் வேலை. கூண்டில் ஏறியதும் 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா' என்று பிறழ்ந்துவிடுகிற சாட்சியும் இருப்பார். வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து ரிமாண்ட் வரும்.

இதற்கு நடுவே பதினொன்றரை மணி டீ. எங்கள் பக்கத்தில் ஆபீஸ் பேச்சு என்பதே வீட்டுப் பேச்சுதான். எந்த ஊரு, வீட்டில் யார் யார், பையன் எத்தனாவது படிக்கிறான், வீட்டம்மாவுக்கு முட்டி வலி தேவலையா, காதுகுத்துக்கு ஏன் வரலை. இந்தப் பேச்சில் கலந்துகொள்கிறவர் சீக்கிரம் நம்மில் ஒருத்தராகிவிடுவார். கலந்துகொள்ள முடியாதவர் எத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் வெளியாள்தான்.

என்னோடு வேலை பார்த்த இளம் அரசு வழக்கறிஞர் ஒருவர் அப்படி இருந்தார். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நண்பர் ஒருவரோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். டீக்கடையில் பேச்சு குடும்பத்தின் பக்கம் திரும்பியதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிடுவார். தீபாவளி அன்றைக்கு ரிமாண்ட் யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தால், 'சார் பேச்சிலர்தானே' என்று எல்லோரும் அவரையே காட்டுவார்கள். அவரும் மறுக்க மாட்டார். ஒருமுறை அந்த நண்பருக்கு அவசர அறுவை சிகிச்சை. இவர் கொடுத்த தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம்: 'சொந்த அலுவல்'. மனைவி என்றால் ஆபீசே திரண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். இவர் தனியாக ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கேஸ் கட்டோடு வந்து நின்றார்.

2018 செப்டம்பரில், மனமொத்த தன்பாலுறவு குற்றமல்ல என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரம், கோர்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவரே என்னிடம் சொன்னார். கூடத் தங்கியிருப்பவர் வெறும் நண்பர் அல்ல, என் துணை என்றார். அடுத்த நாளிலிருந்து, மற்றவர்களிடம் வீட்டம்மாவைப் பற்றிக் கேட்பதுபோலவே, 'அவருக்கு இப்ப உடம்பு எப்படிப்பா இருக்கு?' என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு அந்தப் பிள்ளையின் முகம் எப்படித் தெளிந்தது என்பதை நான் பார்த்தேன். வேலை பார்க்கிற இடத்தில் அங்கீகாரம் என்றால் முதலில் இதுதான் என்று அன்றைக்கிருந்து நம்புகிறேன்.

அதற்காக, பால்புதுமையினர் நடத்தும் ஜூன் மாதப் பேரணியும் அவர்களுடைய வானவில் கொடியும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையில் 2009 முதல் அந்த நடை நடக்கிறது. நம் மதுரையிலேயே 2012-ல் ஸ்ருஷ்டி அமைப்பு ஆலன் டூரிங் பெயரில் வானவில் விழா எடுத்தது. கம்பத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிற ஒரு பையன், கம்பெனி வாசலில் வானவில் ஸ்டிக்கரைப் பார்த்தால், 'இங்கே வாய் திறக்கலாம்' என்று அவனுக்குப் புரியும். தாலுகா கோர்ட் வளாகத்தில் அந்த ஸ்டிக்கர் கிடையாது. அதற்குப் பதில் அங்கே இருப்பது சீனியர்களின் வாய்தான். பார் ரூமில் ஒருவர் நடையைப் பார்த்தோ குரலைக் கேட்டோ கேலி கிளம்பும்போது, மூத்தவர் ஒருவர் 'வேண்டாம்ப்பா' என்று சொன்னால் அன்றோடு அது நிற்கும். அவரும் சேர்ந்து சிரித்தால் அங்கே ஒளிந்து வாழ்கிறவர் இன்னும் பத்து வருடம் ஒளிந்துகொள்வார்.

நான் பார்த்தவரை, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு வந்தவை பெரும்பாலும் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள். 2012-ல் போக்சோ சட்டம் வந்த பிறகு அவற்றுக்குத் தனி வழி பிறந்தது. மனமொத்த இரண்டு பெரியவர்கள் மீது அந்தப் பிரிவில் குற்றப்பத்திரிகை வந்தது அபூர்வம். அந்தப் பிரிவின் வேலை கோர்ட்டுக்கு வெளியே நடந்தது. இருட்டில் நிறுத்தி மிரட்டுவதற்கும், பணம் பறிப்பதற்கும், வீட்டில் சொல்லிவிடுவேன் என்பதற்கும் அது பயன்பட்டது. 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் மனமொத்த பெரியவர்கள் விஷயத்தில் அதை விலக்கியது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் முடித்து வைத்தார்கள். 2013 தீர்ப்பு வந்தபோது, நாட்டில் உயர்நீதிமன்றம் ஒன்றின் முதல் பெண் தலைமை நீதிபதியாக முன்பு இமாச்சலத்தில் இருந்த லீலா சேத், எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயாக, தன் மகனைக் குற்றவாளியாக்கும் தீர்ப்பு இது என்று வெளிப்படையாக எழுதினார். பெற்றோராக இருக்கிறவர்கள் அந்த அம்மாவின் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. உங்கள் கைக்கு 'பெண் காணவில்லை' என்ற எஃப்.ஐ.ஆர். அடிக்கடி வரும். 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டார் எதிர்த்ததால் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் புகாரில் மதுரையில் வழக்குகள் பதிவாயின. போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்பு கேட்டு அவர்கள் போட்ட சுஷ்மா வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். இதைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் வித்யா தினகரனிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். உயர்நீதிமன்ற நீதிபதிக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை. நமக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

2021 ஜூன் 7 உத்தரவு சொல்வது இது: காணவில்லை என்ற புகாரில், மனமொத்து வெளியேறிய வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், அவர்களின் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். பாலீர்ப்பை 'மாற்றி விடுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளுக்கும் அந்த உத்தரவு தடை போட்டது. போலீசுக்கும் நீதித்துறைக்கும் பள்ளிகளுக்கும் வேலை இடங்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, காவல் சார்நிலைப் பணியாளர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. பால்புதுமையினரையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆனாலும் 2025 மே மாதம், வேலூர் மாவட்டப் போலீஸ் ஒரு இளம் பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவிட்ட விவகாரம், அவருடைய தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவாகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதியது. ஸ்டேஷனில் விதியை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண் அத்தனை நாள் அடைபட்டுக் கிடந்திருக்க மாட்டார். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் போனில் 'என்ன சார் பண்றது?' என்று கேட்பது உங்களிடம்தான்.

நம் தொழிலின் உச்சியில் நிலைமை இன்னும் சரியாகவில்லை. டெல்லியின் மூத்த வழக்கறிஞர் சௌரப் கிர்பாலை உயர்நீதிமன்ற நீதிபதியாக்க 2021 நவம்பரில் உச்சநீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அரசு ஆட்சேபித்தது. 2023 ஜனவரியில் கொலீஜியம், மறைக்காமல் இருப்பது அவருடைய பெருமை என்று காரணம் எழுதி மறுபடி அனுப்பியும் நியமனம் நடக்கவில்லை. இதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. ஆஸ்திரேலிய உயர்நீதிமன்ற நீதிபதி மைக்கேல் கிர்பி, 1969 முதல் தன்னோடு வாழ்ந்துவந்த யோஹான் வான் வ்லோட்டனின் பெயரை, 1999-ல் அந்நாட்டுப் பிரமுகர் விவரத் தொகுப்பில் துணைவர் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின்னும் 2009 வரை அதே நாற்காலியில் இருந்து தீர்ப்பு எழுதினார். தன் அடையாளத்தை மறைக்காமல் இந்தத் தொழிலில் நிற்பதற்கு நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. 2018 ஜூன் மாதம் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து, இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞரானார் சத்யஸ்ரீ ஷர்மிளா.

டீக்கடையில் மனம் மாறினாலும் படிவம் மாறுவதில்லை என்பதுதான் அடுத்த சங்கடம். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் ஒருபால் திருமணத்துக்கு உச்சநீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. ஒருபால் இணையர்களுக்கு என்னென்ன உரிமைகள் தரலாம் என்று பார்க்க, 2024 ஏப்ரலில் மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைந்தது. அந்த ஆகஸ்டில், இவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணைவரை நாமினியாகக் குறிக்கவும் தடையில்லை என்று நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டுக்கும் அப்படியே ஒரு வீட்டுக்காரர்களாகக் கருதச் சொன்னார்கள். ஆனால் நம் மாநில அரசு ஊழியரின் மருத்துவக் காப்பீட்டில் துணைவருக்கு இடமில்லை. கணவன் மனைவி ஒரே ஊரில் வேலை பார்க்க மாறுதலில் முன்னுரிமை உண்டு; இவர்களுக்கு அதுவும் இல்லை. என்னோடு வேலை பார்த்த அந்த இளம் வழக்கறிஞருக்கு மாற்றல் வந்தபோது துணைவர் இங்கேயே தங்க நேர்ந்தது. இரண்டு ஊரில் இரண்டு வாடகை கொடுத்தார்கள்.

காப்பீட்டுத் திட்டம் அரசாணையால் வந்தது. அரசாணையாலேயே திருத்தலாம், சட்டமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் சங்கங்கள் ஓயாமல் மனுக் கொடுக்கின்றன. துணைவரின் பெயரையும் சேர்க்க ஒரு வரி கேட்டு அதே மனுவில் எழுதலாம். கம்பத்திலோ தேனியிலோ எந்தச் சங்கம் முன்வந்தாலும் வரைவை நான் எழுதித் தருகிறேன்.