அப்பாவுக்கு ஒரு ஆல்பம், அம்மாவுக்கு ஒரு ஆல்பம்

மாங்காய் ஊறுகாய் பெயரில் ஒரு ராப் பாட்டு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இருக்கிறது. 'மாங்கோ பிக்கிள் டவுன் ரிவர்'. பாடுவது ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் சிலரும், ஒரு ஈழத்தமிழ்ப் பெண்ணும். அதே ஆல்பத்தில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒரு துண்டு வருகிறது. 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தின் 'ஜிம்மி ஜிம்மி' வருகிறது. காது கிழிகிற மாதிரி உறுமி மேளமும் வருகிறது!

ஆல்பத்தின் பெயர் 'கலா'. 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை இதைத்தான் சொன்னது. இதில் ஒரு பகுதி பதிவானது கோடம்பாக்கத்தில். ஆமாம், தி.நகரிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் வந்துவிடுகிற அதே கோடம்பாக்கம்தான்.

பாடியவர் எம்.ஐ.ஏ. முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா. 1975-இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். இடையில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்திருக்கிறார். 1986-இல் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மறுபடி லண்டன். அப்பா கூட வரவில்லை. அவர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இயக்கப் பெயர் அருளர். வீட்டுக்கு எப்போதாவது வந்தாலும் 'இவர் உங்க மாமா' என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். ராணுவம் வந்து கேட்டால் குழந்தைகள் உளறிவிடக் கூடாதே!

'எம்.ஐ.ஏ.' என்ற பெயரே ஒரு இழப்புதான். போரில் காணாமல் போனவர்களைக் குறிக்க ராணுவத்தில் எழுதும் மூன்றெழுத்து அது. இலங்கையில் காணாமல் போன ஒரு உறவுக்காரப் பையனை நினைத்து வைத்துக்கொண்டது. அப்போது லண்டனில் ஆக்டன் பகுதியில் குடியிருந்ததால் 'ஆக்‌ஷன்', 'ஆக்டன்' என்று ஒரு சிலேடையும் உண்டு.

2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'அருளர்' என்று பெயர் வைத்தார். அப்பா என்றைக்காவது இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் ஆல்பம் கண்ணில் படட்டும் என்பது கணக்கு. அது பலித்தது. அப்பாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, ஆல்பத்தின் பெயரை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை. (அருளர் 2019-இல் காலமானார்.)

அடுத்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர். கலா.

இதை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு செய்வதாகத்தான் திட்டம். 2006-இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. காமர்ஸ் படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே உற்பத்திக் காரணிகள் என்று படிப்பார்கள். பணம் ஒரு நொடியில் எல்லை தாண்டும். சரக்கு கப்பலில் தாண்டும். பாட்டு அதைவிட வேகம். மனுஷன் மட்டும் தூதரக வாசலில் கையில் ஃபைலோடு நிற்க வேண்டும். அண்ணா மேம்பாலத்துப் பக்கம் காலையில் போனவர்களுக்கு அந்த வரிசை தெரிந்திருக்கும்.

எம்.ஐ.ஏ. அந்த வரிசையில் நின்று காலத்தைக் கழிக்கவில்லை. எந்த நாடு உள்ளே விட்டதோ அங்கே போய்ப் பதிவு செய்தார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. ஊறுகாய்ப் பாட்டுச் சிறுவர்கள் கிடைத்தது அப்படித்தான். சென்னைக்கு வந்தபோது ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஸ்டுடியோவைக் கொடுத்து, வேண்டிய ஆட்களையும் காட்டிவிட்டார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளில் கேட்கிற உறுமி அந்தச் சென்னைப் பயணத்தின் பலன். 'பேர்ட் ஃப்ளூ'வில் 2003-இல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டும் கலந்திருக்கிறது. கடைசியில் டிம்பலாண்டோடு மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு. அது ஆல்பத்தின் கடைசியில் இருக்கிறது.

உறுமியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் உறுமும். மறுபக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். கோயில் கொடையிலும் சாவு ஊர்வலத்திலும் கேட்கிற வாத்தியம். மார்கழி மாதம் மயிலாப்பூர் சபா மேடைகளில் மிருதங்கம், கடம், கஞ்சிரா எல்லாம் பார்க்கலாம். உறுமியைப் பார்க்க முடியாது. மயிலாப்பூர் மேடை ஏறாத உறுமி, நியூயார்க் டான்ஸ் கிளப்புக்குள் போய்விட்டது.

இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, 'இவ்வளவு இழப்பைப் பேசுகிறவர் இப்படி ஆட்டம் போடலாமா?' என்று வெளியூர் விமர்சகர்கள் குழம்பலாம். சென்னைக்காரர்களுக்கு அதில் என்ன குழப்பம்? சாவு மேளத்துக்குத் தெருவில் ஆடுகிற ஊர் இது. ஒப்பாரியும் ஆட்டமும் ஒரே ஊர்வலத்தில் போகும். அழுகிறவர்களும் உண்மையாகத்தான் அழுகிறார்கள், ஆடுகிறவர்களும் உண்மையாகத்தான் ஆடுகிறார்கள்.

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டும் அப்படித்தான். விசா தராதவர்களை நக்கல் செய்து எழுதியது. பல்லவியில் குழந்தைகள் பாட, நடுவில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும். துப்பாக்கியை விளையாட்டாக்குகிறார் என்று திட்டியவர்கள் உண்டு. அந்தக் குறையை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. போரை நேரில் பார்த்த வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு யாரும் ஆட மாட்டார்கள். ஆனால் 'வந்தேறிகள் எல்லாம் பணம் பிடுங்க வருகிறார்கள்' என்று பயப்படுகிறவர்களின் மண்டைக்குள் ஓடும் சத்தம்தான் அது. அதை அப்படியே அவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்.

அந்தப் பாட்டு 2008-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நாலாவது இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் வந்தது. அடியில் ஓடுகிற கிடார் 'தி கிளாஷ்' என்ற ஆங்கில ராக் குழுவின் 1982 பாட்டிலிருந்து எடுத்தது. அதனால் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அந்தக் குழுவின் நால்வர் பெயரும் இருக்கிறது. நியாயம்தான். கோடம்பாக்கத்தில் உறுமி அடித்தவர்களின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? பெயர் பதிவாவதற்கும் காசு வருவதற்கும் உள்ள சம்பந்தம் தெரிந்தவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

பெயர் தெரியாத உழைப்பு என்றதும் கலா அம்மாவிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. லண்டனில் அவர் பிள்ளைகளை வளர்த்தது தையல் வேலையில். அப்போது அரசியார் வழங்கிவந்த விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை அது என்று மகளே சொல்லியிருக்கிறார். 2019-இல் எம்.ஐ.ஏ.வுக்கு எம்.பி.ஈ. விருது அறிவித்து, 2020 ஜனவரியில் அரண்மனையில் கொடுத்தார்கள். அம்மா கைப்பட்ட அந்த வகைப் பதக்கத்தை மகள் நெஞ்சில் குத்திவிட்டது இளவரசர் வில்லியம்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் தடவை வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். 'ஜிம்மி'யில் தொடங்குங்கள், அது கொஞ்சம் தெரிந்த முகம். அப்புறம் 'பேர்ட் ஃப்ளூ'. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால், சரியான சத்தத்தில்தான் வைத்திருக்கிறீர்கள்.