அப்பாவும் மணல் பையும்

போன வருசம் செமஸ்டர் லீவில் அப்பாவை ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஆகவே பிறகு நடந்ததுக்கும் நான்தான் பொறுப்பு.

அப்பாவுக்கு 51 வயது. வான் ஓடுகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓட்டம் என்றால் இரவு முழுக்க இருந்த இருப்புத்தான். காலமை இறங்கேக்க நாரியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். "பாரம் தூக்கினா நாரி உரமாகும் அப்பா" என்று சொன்னேன். அதில் பிழையில்லை. பிழை, நான் தூக்கப் பழக்கின விதத்தில்.

எனக்கு 22 வயது. ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோ கூட்டித்தான் டெட்லிஃப்ட் பழகினேன், ஒன்றும் நடக்கவில்லை. அதே கணக்கை அவருக்கும் போட்டேன். 40 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு மூன்று தரம். மூன்றாம் வாரக் கடைசியில், ஒன்பதாம் நாள், 80 கிலோ. முதுகு வளைந்ததைக் கண்டனான். "இன்னும் ஒண்டு, அப்பா" என்றும் சொன்னனான். அவர் பாரை மெதுவாக வைத்தார். ஒன்றும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் கிணத்தடியில் வாளியை எடுக்கக் குனிய ஏலாமல் நின்றார். இரண்டு கிழமை ஓட்டம் இல்லை. அந்த மாச லீசிங் கட்ட அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

தசைப்பிடிப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை, படுத்தே கிடக்காமல் நடக்கச் சொல்லி இயன்மருத்துவர் சொன்னார். ஆனால் பிரெஷர் பார்த்தபோது 150/95. பாரம் தூக்கேக்க மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. முதலில் குளிசை, பிரெஷர் கட்டுக்குள் வந்த பிறகுதான் பார். மூன்று மாதம் போனது.

வாசிக்க வெளிக்கிட்டது அதுக்குப் பிறகுதான். தசை கெதியாகப் பலக்கும், தசைநாண்கள் அவ்வளவு வேகமாக வராது. வயது போகப் போக உடம்பு தேறவும் கூட நாள் எடுக்கும். அதுக்காகப் பாரமே தூக்கக்கூடாது என்றில்லை. 2018 இல் வெளிவந்த அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் எட்டு மாதம் வாரத்துக்கு இரண்டு தரம் பாரமாகவே தூக்கினார்கள். முள்ளந்தண்டின் அடர்த்தி கூடியது. ஆனால் தொடக்கத்தில் குறைந்த பாரம், பக்கத்தில் எப்போதும் ஒரு பயிற்றுநர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவை வெள்ளைக்காரர்" என்றுவிட்டுப் போயிட்டா.

இரண்டாந்தரம் 30 கிலோவில் தொடங்கினோம். எங்கட ஜிம்மில் ஐந்து கிலோத் தட்டு சின்னது, பார் கணுக்காலோடு கிடக்கும், கூடக் குனிய வேண்டும். இரண்டு பக்கமும் சீமெந்துக் கல்லு வைத்து உயர்த்தினோம். ஆகச் சின்னத் தட்டு இரண்டரைக் கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக ஐந்து கூடும். அதனால் மணலைப் பையில் கட்டி, கடைத் தராசில் 1.25 கிலோ நிறுத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினோம். பார்த்த பெடியள் சிரித்தாங்கள். வாரத்துக்கு இரண்டு நாள். இன்னும் இரண்டு தரம் தூக்கலாம் என்ற நிலையில் நிப்பாட்டுறது. இரண்டு கிழமைக்கு ஒருக்கா மட்டும் பாரம் கூட்டுறது. கொழும்பு ஓடி வந்த அண்டைக்குப் பாரைத் தொடுறதில்லை.

கஷ்டம் பாரத்தில் இல்லை, அப்பாவில்தான். "95 இல இடம்பெயரேக்க உன்ர வயசுதான் எனக்கு. அரிசி மூட்டையும் அப்பம்மாவும் ஒரே சைக்கிள்ள, சாவகச்சேரி மட்டும் உருட்டினனான். உது என்ன பாரம்?" என்பார். அதுக்கு என்ன பதில் சொல்லுறது? ஒன்றும் சொல்லாமல் மணல் பையைக் கட்டுவேன்.

இப்போது 62.5 கிலோ. 80 இல்லை. நாரிப்பிடிப்பு முற்றாகப் போகவில்லை, வானால் இறங்கேக்க கை நாரிக்குப் போறது குறைந்திருக்கு. அம்மாவின் காப்பை மீட்டாச்சு.

போன கிழமை நான் 120 போட்டுத் தூக்கினேன். அப்பா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, முதுகு வளையுது. இறக்கு."

இறக்கினேன்.