அருகிலுள்ள ஒளி மறைக்கும் நிழல்

வானத்தை நோக்கி வியப்பதும், வியந்தபின் அதனைப் படைத்தவரை வணங்குவதும் மனித இனத்தின் பழைய வழக்கம். அவ்வியப்பை அறிவியல் குறைத்துவிடுமென்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. எனக்கோ விண்ணியல் நூல்களைப் படிக்குந்தோறும் வியப்பு வளர்கிறதேயன்றிக் குறைவதில்லை. அண்மையில் படித்தறிந்த செய்தியொன்று, வானத்தைப்பற்றி மட்டுமன்றி நம் இல்லங்களைப்பற்றியும் என்னைச் சிந்திக்க வைத்தது.

நம் கதிரவனுக்குக் கோள்கள் இருப்பதுபோலவே பிற விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு. அவை தத்தம் விண்மீனின் பேரொளியில் மறைந்து கிடப்பவை. ஆகவே பெரும்பாலும் அறிஞர்கள் அவற்றை நேரே காண முயலாமல், அவற்றின் நிழலைத் தேடுகின்றனர். ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னே கடந்து செல்லும்போது அதன் ஒளி சிறிது மங்கும். நம் பூமி கதிரவனைக் கடப்பதைத் தொலைவிலிருந்து ஒருவர் காண்பாராயின், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஒளி மங்கும். 2009-ஆம் ஆண்டில் ஏவப்பட்டு 2018-இல் ஓய்வுபெற்ற கெப்ளர் விண்கலம் இம்முறையால் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் காட்டித் தந்தது. மங்கலின் அளவைக் கொண்டே கோளின் அளவைக் கணிக்கின்றனர்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கதிரவனை ஒத்த விண்மீன்களுள் ஏறத்தாழப் பாதி தனித்தவை அல்ல; துணை விண்மீனோடு கூடியவை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு விகலை எனப்படும். கெப்ளரின் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் நான்கு விகலை அகலமுடையது. 2018-இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்திலோ 21 விகலை. ஆகவே நெருங்கி நிற்கும் இரு விண்மீன்கள் அக்கண்களுக்கு ஒன்றாகவே தோன்றும்.

அதனால் வரும் இடர் என்ன? ஓர் அகல்விளக்கின் ஒளியில் பத்தில் ஒரு பங்கை உங்கள் விரல் மறைக்கிறதென்று கொள்ளுங்கள். அருகே அதே ஒளியுடைய மற்றொரு விளக்கை ஏற்றி வைத்தால், மொத்த ஒளியில் இருபதில் ஒரு பங்கே குறையும். இரு விளக்குகள் இருப்பதை அறியாத ஒருவர், விரல் மிகச் சிறியதென்றே முடிவுகட்டுவார். விண்ணிலும் இதுவே நிகழ்கிறது. சம ஒளியுடைய இரு விண்மீன்களுள் ஒன்றைச் சுற்றும் கோளின் உண்மையான விட்டம், கணித்ததைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு பெரியது. பூமியைப்போல் பாறையுலகம் என்று நாம் மகிழ்ந்தது, உண்மையில் தடித்த வளிமண்டலம் போர்த்த வேறோர் உலகமாக இருக்கலாம். மிகச் சிறிய கோளாயின், அதன் நிழல் துணைமீனின் ஒளியில் அடியோடு மறைந்தும் போகலாம்.

இப்பிழையைக் களையவே நுண்ணிய படமெடுக்கும் முறைகள் வந்தன. விண்மீனின் உருவைக் கலைப்பது நம் காற்றின் கலக்கமே. 1970-ஆம் ஆண்டில் அந்துவான் லாபெய்ரி என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு வழி கண்டார். காற்று அசைவதற்குமுன் முடிந்துவிடும் மிகக் குறுகிய நேரப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, அவற்றைக் கணிதத்தால் ஒன்றுசேர்ப்பதே அவ்வழி. அவாயித் தீவிலும் சிலி நாட்டிலும் உள்ள 8.1 மீட்டர் செமினி தொலைநோக்கிகளில் இப்பணிக்கென இரு கருவிகள் உண்டு. அலோபெக்கே, சோரோ என்பன அவற்றின் பெயர்கள். இரண்டுக்கும் நரி என்றே பொருள். காற்றின் கலக்கத்திற்கேற்பத் தன் வடிவைக் கணந்தோறும் மாற்றிக்கொள்ளும் ஆடியைக் கொண்ட வேறு கருவிகளும் இதே தொண்டைச் செய்கின்றன.

ஒன்றெனத் தோன்றியதை இரண்டெனக் கண்ட பெருமை நம் மண்ணுக்கும் உண்டு. 1689-ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரியில் வால்மீனொன்றை நோக்கிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ அடிகளார், ஆல்பா சென்டாரி என்னும் ஒளிமிக்க விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். அவர் கையில் இருந்தது சிறிய தொலைநோக்கியே. ஆனால் பொறுமை பெரிது.

இதைப் படித்தபோது என் நினைவு எங்கள் அத்தையிடம் சென்றது. இளமையிலேயே கணவரை இழந்து, என் தந்தையாரின் இல்லத்தில் வாழ்ந்தவர் அவர். கிறிஸ்து பிறப்பு விழாவில் இல்லம் முழுதும் ஒளியும் சிரிப்புமாயிருக்கும். வந்து போவோர், “நல்ல குடும்பம், குறையொன்றுமில்லை” என்று வாழ்த்திச் செல்வர். அவர்கள் கூறியது பொய்யன்று. மொத்த ஒளியை அளந்து கூறினர். அத்தையின் இருள் அவ்வொளியில் இருபதில் ஒரு பங்காகிவிட்டது. என் தாயார் மட்டும் அடுக்களை வேலை முடிந்ததும், கொல்லைப்புறத்துத் திண்ணையில் அவரருகே சென்று அமர்வார். பெரிதாக ஏதும் பேசமாட்டார். அத்தையை அத்தையாகவே பார்த்தவர் அவர் ஒருவரே. பிறருக்குச் சிறிதாகத் தோன்றிய துயரின் உண்மையான அளவு என் தாயாருக்குத் தெரிந்திருந்தது.

வளமான வீட்டில் வாழ்பவருக்கு என்ன துன்பம் என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். புகழ்பெற்ற அண்ணனின் நிழலில் வளரும் தம்பி, கலகலப்பான மருமகளின் அருகே வாய் திறவாத மாமியார், இவர்களின் மங்கலை யார் அளக்கிறார்கள்? ஆண்டவரோ நம்மைக் கூட்டமாக அல்ல, பெயர் சொல்லி அழைப்பவர். அவர் பார்வையில் ஒருவர் ஒளி மற்றொருவர் நிழலை மறைப்பதில்லை.

ஒருவருடைய துயரைச் சிறிதென்று தீர்ப்பிடுமுன், அவரருகே எரியும் விளக்கு யாருடையது என்று பார்ப்போமாக. அதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. அருகே அமரும் பொறுமை போதும்.