திரும்பி வருவதாகச் சொன்னவர்

விபத்தில் அடிபட்டவரைக் காண முதல் வாரத்தில் உறவும் ஊரும் திரண்டு வருகின்றன. கட்டிலருகே பழங்களும் ரொட்டியும் குவிகின்றன, செபமாலை சொல்லப்படுகிறது. மூன்றாம் மாதத்தில் அதே மனிதர் சுவரைப் பார்த்தபடி தனித்துக் கிடக்கிறார். எலும்பு கூடாத வேதனையைவிட, எல்லாரும் தம்மை மறந்துவிட்டார்கள் என்ற எண்ணமே அவரை அதிகம் வாட்டுகிறது. இடுப்பெலும்பு முறிந்த என் அண்ணனுடன் ஏறத்தாழ ஓராண்டு இருந்து நான் கண்ட உண்மை இது.

பெரம்பூரில் குடியிருந்து எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்கள் பலர். துறைமுகம் நோக்கி விரையும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வண்டியில் செல்வது அவர்களின் அன்றாடம். அப்படிச் சென்ற ஒரு மாலையில்தான் அண்ணன் அடிபட்டார். உயிர் பிழைத்தது, இடுப்பு வளையம் இரண்டு இடங்களில் முறிந்திருந்தது.

முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பும், இருபுறத்து இடுப்பெலும்புகளும் சேர்ந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. கண்ணாடி வளையல் ஓரிடத்தில் உடைந்தால் பெரும்பாலும் மற்றோர் இடத்திலும் உடைவது போன்றதே இதன் முறிவும். மேலுடலின் பாரம் முழுவதும் இவ்வளையத்தின் வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. சிறுநீர்ப்பையும் பெரிய இரத்தக் குழாய்களும் இதற்குள்ளேதான் இருக்கின்றன. எனவே மருத்துவர்கள் முதலில் இரத்தப் பெருக்கை அடக்கி உயிரைக் காக்கிறார்கள். விலகிய எலும்பைத் தகடும் திருகும் கொண்டு பிறகு பொருத்துகிறார்கள். அதன்பின் வேலை செய்ய வேண்டியது காலம்.

இலேசான முறிவு 6 முதல் 12 வாரங்களில் கூடிவிடும். கடுமையான முறிவில் பாதத்தை ஊன்றவே 12 வாரங்கள் வரை பொறுக்க வேண்டியிருக்கும். பழைய நடை திரும்ப ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். நீரிழிவும் புகைப்பழக்கமும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அண்ணனுக்கு இரண்டும் இருந்தன. பன்னிரண்டாம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் இடைவெளி அப்படியே தெரிந்தது.

அன்று மாலை அவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, எனக்காக நீ எத்தனை நாள்தான் லீவு போடுவாய்? இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்." பல வீடுகளில் மருத்துவம் நின்றுபோவது இப்படித்தான். தையல் பிரித்தாயிற்று, வெளியே புண் இல்லை. மாடிப்படியில் இறக்க இருவர் வேண்டும்; ஆட்டோவுக்குப் பணம் வேண்டும்; உடன் செல்பவரின் ஒருநாள் கூலியும் போகிறது. ஆனால் எலும்பு கூடுகிறதா, தகடு நகர்ந்ததா, ஒரு கால் குட்டையாகிவிட்டதா என்பதெல்லாம் அடுத்தடுத்த பரிசோதனைகளில்தான் தெரியவரும். காலில் திடீர் வீக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் இரத்தக்கட்டு என்று ஐயுற்று உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிறுநீர் கழிப்பதிலும் இல்லறத்திலும் ஏற்படும் இடர்ப்பாடுகளை வெட்கத்தால் மறைப்பவர் பலர். கேட்டால் மருத்துவரிடம் வழியுண்டு. சொல்லாதவரை துன்பம் இரட்டிக்கிறது.

தமிழக அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய நல்ல திட்டம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. அதை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதும் ஓர் இரக்கச் செயலே. ஆயினும் 48 மணி நேரத்திற்குப் பின் வரும் நீண்ட மாதங்களில், படியில் இறக்கிவிட ஒரு தோள் எங்கிருந்து வரும்?

நல்ல சமாரியர் உவமையில் நாம் பெரும்பாலும் பேசுவது எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டியதைப் பற்றியே. அவர் செய்தது அத்துடன் முடியவில்லை. மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துச் சென்றார். குணமாக நாளாகும் என்பதை அறிந்த அன்பு அது. குருவும் லேவியரும் நிற்காமல் போனார்கள். நாமோ நின்று உதவிவிட்டு, திரும்பி வராமல் இருந்துவிடுகிறோம்.

அண்ணனை மீட்டது அப்படித் திரும்பி வந்த அன்புதான். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த இருவர் முறைவைத்து வந்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு அவர்களே நாற்காலியில் தூக்கி இறக்கினார்கள். அவர்கள் முன்னிலையில் பீடியைக் கைவிட்டார். சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. எட்டாம் மாதம் எலும்பு கூடியது. இன்று சற்றே சாய்ந்து நடக்கிறார். இடுப்புச் சந்து பிசகி நொண்டி நடந்த யாக்கோபும் ஆசி பெற்றவராகவே நடந்தார் அல்லவா?

புனித இரண்டாம் யோவான் பவுல், லூர்து அன்னையின் விழாவாகிய பிப்ரவரி 11ஆம் நாளை உலக நோயாளர் நாளாக 1992இல் ஏற்படுத்தினார். 1994இல் அவரே வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, பின்னர்க் கைத்தடியுடன் நடக்க நேர்ந்தது. அந்நாளில் பெரம்பூர்த் திருத்தலத்தில் கூடி நோயுற்றோருக்காக மன்றாடுகிறோம். விழா முடிந்து வீடு திரும்பும்போது, நம் தெருவில் மூன்றாம் மாதத்தில் கிடப்பவர் யார் என்று கேட்டறிவோம். அவருடைய அடுத்த பரிசோதனை நாளை நம் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்போம். அன்று அவர் படியில் இறங்க, நம் தோள் அங்கே இருக்கட்டும்.