வாப்பாட காருக்கு எந்த புஷ்?



"அந்தச் சிவப்புக் கார் ஏன் சேர் இவ்வளவு நாளா ஜக்கில நிக்குது?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஓல்டோ, வேன், பட்டா லொறி வைத்திருப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

வாப்பா எங்களுக்கு விட்டுப்போனது 1965 மாடல் எம்.ஜி.பி. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த கார். மேல்கூரையைத் திறந்துவிடலாம், இரண்டு பேர்தான் இருக்கலாம். வாப்பா மௌத்தான பிறகு உம்மா அதில் ஏறவே இல்லை. போன பெருநாளைக்குப் பிறகுதான், "ஒருக்கா அந்தப் பதினெட்டு வளைவுல என்னக் கூட்டிப் போங்க மகன்" என்று கேட்டா. மஹியங்கனையால் கண்டிக்கு ஏறும் பாதை. கலியாணம் முடித்த புதுசில் வாப்பாவோடு போன பாதை.

அந்த நிலையில் காரை மலைக்குக் கொண்டுபோக எங்களுக்குப் பயம். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். நேர் ரோட்டிலும் ஸ்டியரிங் அலையும். கிடங்கில் விழுந்தால் 'டொக்' என்று அடிக்கும். காக்காவும் தம்பியுமாக நாங்கள் கீழே படுத்துப் பார்த்தோம். முன் சில்லைத் தாங்கும் கீழ் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் றப்பர் புஷ் வெடித்து உதிர்ந்திருந்தது. எங்கட முழங்காலில் ஜவ்வு எப்படியோ, காருக்குப் புஷ் அப்படி. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு முட்டும்.

அதற்கு நாங்களும் ஒரு காரணம். போன வருஷம் சத்தம் கேட்டபோது பழைய எஞ்ஜின் ஒயிலை ஊற்றிவிட்டோம். சத்தம் நின்றது. ஆனால் ஒயில் பட்டால் இயற்கை றப்பர் ஊதி, மெதுவாகி, சீக்கிரம் அழியும். 1876இல் ஹெனரத்கொடையில் றப்பர் கன்று நட்ட நாடு இது. படித்துக்கொடுக்கிற எங்களுக்கே இது பிந்தித்தான் விளங்கியது.

புதுசு போட வேண்டும். எதைப் போடுவது? நான்கு வழி இருந்தது.

ஒன்று, பழையபடி இரண்டு துண்டாக வரும் சாதாரண றப்பர். மலிவு, மெத்து, ஆனால் ஆயுள் குறைவு.

இரண்டு, இதே காரின் வி8 மாடலுக்கு 1973இல் வந்த புஷ். அதுவும் றப்பர்தான். ஆனால் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிய ஒரே துண்டு. எங்கட காருக்கும் பொருந்தும்.

மூன்று, பொலியூரித்தேன். ஒயிலுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், றப்பரை விடக் கெட்டி.

நான்கு, லேத்தில் கடைந்து எடுக்கும் நைலோன். கொஞ்சமும் வளையாது. ரேஸ் ஓடுபவர்களுக்குச் சரி.

கெட்டியானதுதான் நல்லது என்று நினைத்து, முன்னும் பின்னும் முழுக்கப் பொலியூரித்தேன் போட்டோம். ஸ்டியரிங் கத்தி மாதிரி நின்றது. எங்களுக்கு ஒரே சந்தோசம். அடுத்த நாளே உம்மாவை ஏற்றிக்கொண்டு அம்பாறைப் பக்கம் புறப்பட்டோம். பாதி வழியில் உம்மா சொன்னா: "என்ன மகன், வாப்பாட காருக்குச் சில்லுக்குப் பதிலா கல்லா போட்டிருக்கீங்க? இடுப்புக் கழண்டு போகுது. என்ன ஊட்ட உடுங்க." பிறகு அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் யோசித்தோம். புஷ்ஷின் வேலை பிடித்து வைத்திருப்பது மட்டுமல்ல, விட்டுக்கொடுப்பதும்தான். பின்னால் உள்ள லீஃப் ஸ்பிரிங் மேலும் கீழும் மட்டும் போவதில்லை. வளைவில் கார் சாயும்போது கொஞ்சம் முறுகும். அந்த முறுக்கை றப்பர் தாங்கிக்கொள்ளும். கெட்டிப் புஷ் எதிர்த்து நிற்கும். அந்த அடி சட்டத்துக்கும், இருப்பவரின் இடுப்புக்கும் வரும்.

எல்லாவற்றையும் கழற்றினோம். முன் கீழ் ஆர்முக்கு அந்த வி8 றப்பர். பின் ஸ்பிரிங்குக்குச் சாதாரண றப்பர். முன் மேல்மூட்டில் இருக்கும் சின்னப் புஷ்களை மட்டும் பொலியூரித்தேனாகவே விட்டோம். அங்கே சுழற்சி மட்டும்தான், முறுக்கு இல்லை. அதற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசித்தான் போட்டோம், இல்லாவிட்டால் கீச்சிடும்.

கடைசி நட்டை இறுக்கும்போது பக்கத்துக் கராஜ் அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "சேர், சில்லு தொங்கும்போது இறுக்காதீங்க. காரை நிலத்தில இறக்கிப்போட்டு இறுக்குங்க." காரணம் இதுதான்: இந்த றப்பர் உருளாது, முறுகித்தான் வேலை செய்யும். ஜக்கில் வைத்து இறுக்கினால், காரை இறக்கியதும் நிற்கும்போதே அது முறுகிய நிலையில் இருக்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். பிறகு நாம் சாமானைக் குறை சொல்வோம்.

இது உங்கட ஓல்டோவுக்கும் வேனுக்கும் பொருந்தும். புஷ் மாற்றினால் சுமை நிலத்தில் இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். றப்பரில் ஒயில் ஊற்ற விடாதீர்கள். எது கெட்டி என்று கேட்பதற்கு முன், அதில் யார் போகப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

போன சனிக்கிழமை பதினெட்டு வளைவும் ஏறினோம். காக்கா ஓட்ட, உம்மா பக்கத்தில். மற்றவர் பின்னால் மோட்டார் சைக்கிளில். உச்சியில் நிறுத்தி, "இடுப்பு எப்படி உம்மா?" என்று கேட்டோம். அதற்குப் பதில் இல்லை. கீழே பள்ளத்தாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா:

"வாப்பா இன்னும் மெதுவா ஓட்டுவார் மகன்."

அடுத்த மாதமும் வருவாவாம்.