ஆண்டாள் கிளியின் பச்சை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி இலையால் ஆனது. உடலுக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ, இறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு வெள்ளரளி, செவ்வரளி மொட்டுகள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். கண் மட்டும் காக்காப்பொன்; அந்தப் பறவையில் வாடாத பொருள் அது ஒன்றுதான். கட்டி முடிக்க நாலு, நாலரை மணி நேரம் பிடிக்கும் என்கிறார்கள். சாத்திய கிளி மறுநாள் பிரசாதமாகப் போய்விடும். அடுத்த கிளிக்கு மறுபடியும் இலை பறிக்க வேண்டும். காரணம் கேட்டால் சுகப்பிரம்ம ரிஷியின் கதையும், அரங்கனிடம் தூது போன கிளியின் கதையும் கிடைக்கும். கிளி ஏன் என்பதற்கு அவை பதில். இலை ஏன் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. மரத்தில் கடைந்து வண்ணம் பூசியிருக்கலாம், மரகதத்தில் இழைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் நிறம் போகாத பச்சை கைவசம் இல்லை, அதனால் இலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் சட்டென்று தோன்றும் விளக்கம். அது தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கவே பச்சை நிறத்தின் பூர்வீகத்தைத் தேடப் புகுந்தேன்.

முதலில் சுவர்கள். சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தில் பச்சை இருக்கிறது. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களிலும் இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் இவற்றின் வண்ணங்களைப் பரிசோதித்தார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண், பச்சைக்குப் பச்சை மண். இரும்பு கலந்த ஒருவகைக் களிமண் கனிமம் அது. சுண்ணாம்பின் காரத்தில் இலைச்சாறு போன்ற வண்ணங்கள் கெட்டுப்போகும். மண் வண்ணம் அசையாது. ஆக, ஆயிரம் ஆண்டு தாங்கும் பச்சை தமிழ்நாட்டு ஓவியர் கையில் இருந்தே இருக்கிறது. பச்சையே கிடைக்கவில்லை என்ற விளக்கம் இங்கேயே பாதி சரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு நியாயம் உண்டு: அந்த மண் தருவது சாம்பல் ஓடிய மங்கல் பச்சை. தாமரை இலைக்கு அது பொருந்தும், கிளிக்குப் போதாது.

துளிர்ப் பச்சை வேண்டுமென்றால் சாயக்காரர்களிடம்தான் போக வேண்டும். ஆனால் பருத்தியில் தானாகவே கெட்டிப் பச்சை ஏற்றும் செடி அவர்களிடமும் இல்லை. அவுரியில் நீலம் தோய்த்து, அதன்மேல் கடுக்காய்ப்பூவோ மாதுளை ஓடோ தரும் மஞ்சளை ஏற்றினார்கள். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், அவுரி நிற்கும். உலக அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிகளில் இலைகள் பல நீலமாகத் தெரிவது இதனால்தான். இதில் வியப்பு என்னவென்றால் நிஜக் கிளியும் இதே வழியில்தான் பச்சையாகிறது. அதன் இறகில் பச்சை நிறமி கிடையாது. இறகின் நுண்ணமைப்பு நீல ஒளியைச் சிதறவைக்கிறது. அதன்மேல் ஒரு மஞ்சள் நிறமி படிந்திருக்கிறது. பிறவியிலேயே அந்த மஞ்சள் உண்டாகாத கிளிகள் நீலமாக இருப்பதே இதற்குச் சாட்சி. பக்கத்துச் சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களிலும் ஆண்டாள் கையில் உள்ள கிளி நீல மையும் மஞ்சள் மையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பச்சையானதுதான். துணி, இறகு, காகிதம் மூன்றிலும் பச்சை ஒரு கூட்டு நிறம்.

இலையில் அப்படியில்லை. பச்சையம் தானே பச்சை. நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ, நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கும் வளையம் அது. புளி ஊற்றிக் கொதிக்கவைத்த கீரை பழுப்பாவது, அமிலமும் சூடும் சேர்ந்து அந்த மெக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால். இலையைப் பறித்து வைத்தாலும் மெல்ல மெல்ல பச்சையம் சிதையும். சாறாகப் பிழிந்து பூசினால் இன்னும் சீக்கிரம் போகும். எனவே இலைப் பச்சை வேண்டுமென்றால் இலையையே கொண்டுவர வேண்டும், அதுவும் அன்றன்று. இருபதாம் நூற்றாண்டு இந்தக் கட்டாயத்தையும் தீர்த்துவிட்டது. 1928-இல் ஸ்காட்லாந்தின் ஒரு சாயத் தொழிற்சாலையில் தற்செயலாகத் தட்டுப்பட்ட தாலோசயனின் என்ற சேர்மம் பச்சையத்துக்கு நெருங்கிய உறவு: ஏறக்குறைய அதே வளையம். நடுவில் மெக்னீசியத்துக்குப் பதில் செம்பை வைத்து, குளோரின் ஏற்றியதும் வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாத பச்சை கிடைத்தது. அது சந்தைக்கு வந்ததும் 1930-களில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செயற்கைச் சாயங்கள் அவுரியின் பிழைப்பைக் கெடுத்திருந்தன. நிறம் போகாத பச்சையை அன்றிலிருந்து யாரும் கடையில் டப்பாவாக வாங்கலாம். கிளி மட்டும் இலையிலேயே தொடர்கிறது. பஞ்சம்தான் காரணம் என்றால் பஞ்சம் தீர்ந்ததும் பழக்கம் மாறியிருக்க வேண்டுமே?

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். இது வெறும் புஷ்ப கைங்கரியம், தினமும் மாலை கட்டுவதைப் போலக் கிளியும் கட்டுகிறார்கள், நிறத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பது ஒன்று. பெரியாழ்வாரின் நந்தவனமும் சூடிக்கொடுத்த மாலையும் அடையாளமாகிவிட்ட ஊரில் இது வலுவான வாதம்தான். ஆனால் மாலையில் பூ பூவாகவே இருக்கிறது. கிளியில் இலை உடலாகிறது, மாதுளம்பூ அலகாகிறது. சிவந்த அலகுக்குச் சிவந்த பூ என்று பொருத்திப் பார்த்த கண், நிறத்தை யோசிக்காத கண்ணாக இருக்க முடியாது. மாலையின் ஒழுங்குக்குள் நின்றபடியே நிறம் தேர்ந்திருக்கிறார்கள் என்பதே சரி.

இரண்டாவது மறுப்பு கனமானது. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் வந்த பிறகே இந்தியாவுக்கு வந்தது; மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1880-களில் மன்னர் விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். அப்படியானால் இந்தக் கிளி ஆண்டாள் காலத்தது ஆகாது, தொன்மை என்பதே கட்டுக்கதை என்பார்கள். இன்றைய கிளியின் உடல் சில நூற்றாண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சான்று என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. வெளியிலிருந்து வந்த ஒன்றை ஏற்க இந்தக் கைங்கரியம் தயங்கவில்லை. கடல் கடந்து வந்த செடிக்கும் கிளியின் உடலில் இடம் கிடைத்தது. அந்தச் செடி இந்தப் பக்கத்தில் பரவலான காலத்தில் சீமைச் சாயங்களும் கடைக்கு வந்துவிட்டன. புதியவை இரண்டில் செடி கோயிலுக்குள் போனது, சாயம் போகவில்லை. வாடுவதும் மறுநாள் புதிதாகக் கட்டுவதும் அந்தப் பச்சையோடு சேர்ந்தவை என்று கருதினால்தான் இந்தத் தேர்வு புரியும்.

எனவே இந்த மரபில் காக்க வேண்டியது எது என்று கேட்டால், கட்டத் தெரிந்த கையும் அன்றன்று இலை தரும் தோட்டமும் என்பேன். நாளை மரவள்ளி கிடைக்காமல் வேறொரு இலை அந்த இடத்துக்கு வந்தால் எதுவும் கெட்டுவிடாது. சாயம் போகாத பிளாஸ்டிக் இலை வந்தால், நிறம் இன்னும் அழகாகவே இருந்தாலும், கிளி போய்விடும்.